இரண்டு விசில்

அந்த அறையைப் பூட்டியது நீங்கள்தான், செயலாளரே. கட்டடத்துச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார், மாடியில் மழை ஒழுகியது என்று ஊருக்கு ஒரு காரணம் சொல்லித் திரிகிறீர்கள். எல்லாம் பொய். உங்கள் அறக்கட்டளை நடத்திய அறை அது. பூட்டச் சொன்னதும் நீங்கள், சாவி இருப்பதும் உங்களிடம்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடைக்கு மேல் மாடி. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு தண்ணீர்க் குடம். கவுன்சலிங் அறை என்றால் அவ்வளவுதான். ஏழு மாதம் செவ்வாய்க்கிழமை தோறும் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்வராயன் மலைக்குப் போய் வரும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் டிரைவர் நிறுத்துவார். இரண்டு கொடுத்தால் எடுப்பார். ஒரு சந்தை நாளில் மலை வளைவு ஒன்றில் நிறுத்தினோம். நல்ல கூட்டம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து, ‘ரைட்’ என்று கத்திவிட்டு இரண்டு விசில் ஊதினேன். பின்படியில் ஓர் அம்மா இன்னும் இருந்தார். கையில் சாமை மூட்டை. ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். வண்டி நகர்ந்தது, அவர் விழுந்தார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரித்தார்கள். கூட்டம், வளைவு என்று எழுதி என்னை விட்டுவிட்டார்கள். முதலாளி அடுத்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டார். போனேன். விசிலை வாயில் வைத்தால் மூச்சு வரவில்லை. வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டியே எடுக்கச் சொன்னேன். “இன்னாயா, விசில முழுங்கிட்டியா?” என்று டீக்கடையில் கேலி செய்தார்கள்.

மற்றபடி எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “உம்மேல தப்பு இல்லப்பா, வுடு.” டிரைவர் சொன்னார், போலீஸ்காரர் சொன்னார், மச்சான் சொன்னான். ‘அந்தம்மா கால்’ என்று நான் ஆரம்பித்தாலே போதும், ‘வுடு’ என்று என் வாயை மூடிவிடுவார்கள். ஒருவரும் அடுத்த வார்த்தையைக் கேட்டதில்லை. கடைசியில் என் மனைவிதான் அந்த மாடி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “தூக்கத்துல கட்டிலத் தட்டிக்கினே இருக்க நீ. பசங்க பயப்படுதுங்க. வா.”

அங்கே கவுன்சலிங் கொடுத்த மேடம் தியாகதுருகம் பக்கத்துக்காரர். கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து படித்து வந்தவர். இரண்டு வாரம் நான் முதலாளியைத் திட்டினேன், டயரைத் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இன்னா மேடம், நான் பேசிக்கினே இருக்கேன், நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றீங்க. தப்பு என்னுதா இல்லியா? அத்த சொல்லுங்க.”

“அததான் ஊரே சொல்லிடுச்சி இல்லீங்களாண்ணா? உங்களுக்கு ஆறலியே. உங்களுக்கு இன்னா தோணுதுன்னுதான் நான் கேக்கறேன்.”

தண்டச் சம்பளம் என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினேன். அடுத்த செவ்வாயும் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

அன்றைக்கு வண்டி நின்ற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டி, “ரைட்டுங்கண்ணா” என்றார். எங்கள் பக்கத்தில் ‘சரி’ என்பதற்கு எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். நாற்காலி பின்னால் சரிய எழுந்தேன். “அந்த வார்த்தைய சொல்லாத!” என்று கத்தினேன். கீழே இருந்து உரக்கடைக்காரர் குரல் கொடுத்தார்:

“மேடம், ஆளு வோணுமா?”

“வாணாங்க. பேசிக்கினு இருக்கோம்.”

“பேச்சா அது? லாரியில லோடு எறக்குற மாதிரி இருக்குது!”

மேடம் மன்னிப்புக் கேட்டுப் பேச்சை மாற்றவில்லை. “நான் சொன்ன வார்த்த உங்கள எங்கியோ கொண்டுபோய் வுட்டுடுச்சி. எங்கன்னு சொல்றீங்களா? இன்னிக்கி வாணான்னாலும் சரி. உங்க இஷ்டம்” என்றார்.

அந்த விபத்துக்குப் பிறகு என் இஷ்டத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். மூட்டை அவிழ்ந்து தார் ரோட்டில் சாமை கொட்டியதைச் சொன்னேன். கோழிகள் ஓடி வந்து அதைப் பொறுக்கியதைச் சொன்னேன். பிறகு, மனைவியிடமும் விசாரணையிலும் சொல்லாததைச் சொன்னேன். நான் பின்படியைப் பார்க்கவே இல்லை. முன்சீட்டுக்காரன் ஒருவனிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டே ஊதினேன்.

உன் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. “பாக்கல” என்று என் வார்த்தையையே மெதுவாகச் சொன்னார். “ஆமா மேடம், பாக்கல” என்றேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு செய்தது எதையும் அவர் செய்யச் சொல்லவில்லை. நானே மலைக்குப் போய் அந்த அம்மாவின் மகனிடம் இதைச் சொன்னேன். அவர் வாசலைக் காட்டினார். வந்துவிட்டேன். அவர் செய்தது சரிதான். இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரையில் இறங்கி நின்று, இரண்டு படியையும் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுகிறேன். “இன்னா கண்டக்டரே, பொண்ணு பாக்கறியா?” என்று வண்டிக்குள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பார்க்காமல் ஊத மாட்டேன்.

செயலாளரே, இப்போது நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். மலையிலிருந்து ஒரு பெண் என் வண்டியில் வரும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து புருஷன் செத்துப்போனான். தனியாகத்தான் ஏறும். ஆனால், “ரெண்டு டிக்கெட்டுண்ணா” என்று கேட்கும். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாவது தடவை நான் அந்த அறையைப் பற்றிச் சொன்னேன்.

“ஊசி போடுவாங்களா?”

“ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்லம்மா. குந்திக்கினு பேசலாம். பேச வரலன்னா சும்மா குந்து.”

“சும்மா குந்தறதுக்கு மலையில எடம் இல்லியாண்ணா?”

அப்படிக் கேட்டாலும், போனது. நான்கு வாரம் போய் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தது. மேடமும் கூடவே உட்கார்ந்தார், பேசு என்று நெருக்கவில்லை. ஐந்தாவது வாரம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது, “இன்னிக்கி சொல்லப்போறேண்ணா” என்றது.

மறு நடைக்கு வண்டி எடுக்கும் முன் போய்ப் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. மேலே கதவில் புதுப் பூட்டு.

“நான் பேசாம குந்தினதாலதான் மூடிட்டாங்களாண்ணா?”

அந்தக் கேள்வியோடுதான் உங்களிடம் வந்தேன், செயலாளரே. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். அதுலயும் பேசாம ஒக்காந்திருந்தா அதுக்குப் பேரு வேலையாப்பா? கல்யாண மண்டபத்துல எல்லாருக்கும் ஒண்ணா தன்னம்பிக்கைப் பேச்சு வச்சிருக்கோம். மண்டபமே நெறையும். நீயும் வா.”

“அவ்வளோ கூட்டத்துல அந்தப் பொண்ணு எழுந்து பேசுமா சார்?”

“பேசறதுக்கு நாங்க ஆள் வச்சிருக்கோம். அது கேட்டா போதும்.”

அந்தப் பெண் இன்னமும் என் வண்டியில்தான் சந்தைக்கு வருகிறது. இன்னமும் இரண்டு டிக்கெட் கேட்கிறது. மேடம் வேறு வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்தால் அன்றைக்கே வந்து உட்காருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். குறுக்கே நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் மண்டபத்துக்கு நான் வருவேன். எழுந்து நின்று கேட்பேன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணமா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் எந்தத் தேதியில் கதவைத் திறப்பீர்கள் என்று சொல்லுங்கள்.