அழித்த பதிவு அழியவில்லை

முதலமடையில் எங்கள் மாந்தோப்பைப் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். யாரோ சொன்னார்களென்று போன மாதம் அதை, ஒரே முதலாளி இல்லாமல் பல சர்வர்களில் ஓடும் சமூக வலைத்தளம் ஒன்றோடு இணைத்தேன். நான் எழுதுவதெல்லாம் அங்கே நகல் நகலாகப் போகும் என்பது மண்டையில் ஏறவில்லை.

ஒரு காலையில், பக்கத்துத் தோப்புப் பழனிசாமி அண்ணன் மரங்களில் தத்துப்பூச்சி விழுந்து பூ கருகுவதாக எழுதிவிட்டேன். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தால், லாரி கிளப்பிய புழுதி! உடனே பதிவை அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். "ஏனுங்க அம்மிணி, பூவப் பாத்துக் குத்தகை பேச வந்த வியாபாரி, பூச்சித் தோப்பு வேண்டாம்னுட்டாருங்க. நீங்க எழுதுனதப் போன்ல காட்டுறாரு."

"அத அன்னிக்கே அழிச்சுட்டனுங்ணா!"

என் பக்கத்தைத் திறந்து காட்டினேன்; இல்லை. வியாபாரியிடம் கேட்டால், அவர் போனில் இன்னும் இருக்கிறது. நான் அழித்தது என் பக்கத்தில் மட்டும்தான்; வேறு சர்வருக்குப் போன நகல் அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் வியாபாரியை அண்ணன் தோப்புக்கே வரவழைத்து, ஒரு பூங்கொத்தை உதறிக் காட்டினேன். புழுதிதான் பறந்தது. குத்தகை பிழைத்தது.

அந்தப் பதிவு இன்னும் எந்த ஊர் சர்வரில் உட்கார்ந்திருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அடுத்தவர் தோப்பைப் பற்றி எழுதினால், வெளியிடுமுன் வேலியோரம் நின்று அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன்.