அடிக்கட்டைக்குக் காவல்

பதினோரு வருஷமாக ஆட்டுக்காரர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்: தங்கச்சி புருஷன் தன் ஆட்டுக்கொட்டகையைக் கொளுத்திவிட்டான். கல்யாண வீட்டில் பாடினார், முடிவெட்டும் கடையில் பாடினார், இழவு வீட்டில் குரலைக் கொஞ்சம் தணித்துப் பாடினார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அந்த மாப்பிள்ளைக்குத் தெருவில் தீவட்டி என்று பெயர். வனத்துறையில் முப்பது வருஷம் வாட்சர். உத்தியோகம், நெருப்பு வைப்பது. கோடை முற்றுமுன் மலைப்புல்லுக்கும் தெருவுக்கும் நடுவே நாற்பதடி அகலத்துக்குத் தானே கொளுத்திக் கருக்கிவிடுவார். பிறகு மலையில் தீப்பிடித்தாலும் தின்னப் புல் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். பனி காயுமுன், காற்றுக்கு எதிர்முகமாக, தகரக் குப்பியிலிருந்து எண்ணெயைச் சொட்டவிட்டபடி நடப்பார். தீ அவர் பின்னால் மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி வரும். வீடுகளை ஒட்டிய இடத்தில் மட்டும் தீ கிடையாது. அங்கே மச்சானான ஆட்டுக்காரரின் ஆடுகளை விட்டு மேயவைப்பார்.

இதற்கு ஊர் செய்த மரியாதை, அந்தப் பட்டப்பெயரும், காயப்போட்ட துணியில் கரி விழுந்ததற்கான திட்டும். ஆபீஸும் சளைத்ததில்லை. கொளுத்த வேண்டிய தேதியைக் கடிதத்தில் அனுப்பும். அன்று மழை கொட்டும். இடது புருவத்தை என்றோ நெருப்புக்குக் கொடுத்துவிட்ட மனுஷனுக்கு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வராது என்பது தங்கச்சியின் குறை.

சரி, கொட்டகைக்கு வருவோம். அந்த வருஷம் கொளுத்தி முடித்ததும் ஒரு பழைய அடிக்கட்டை மட்டும் புகைந்துகொண்டிருந்தது. தீவட்டியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள், வரைபடத்தில் மலை எந்தப் பக்கம் என்று காட்ட.

"மச்சான், சாயங்காலம் வரைக்கும் இது பக்கத்துலயே உக்காருங்க. புறங்கைய வச்சுப் பாருங்க. சுட்டா தண்ணி ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டுக்காரர் ஒரு குடம் ஊற்றினார். புகை நின்றது. கட்டைக்குக் காவலிருக்க அது என்ன எனக்கு மாமனா மச்சானா என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். வேருக்குள் இறங்கிய கங்கு படுக்கவில்லை. மூன்றாம் நாள் காற்றெடுத்ததும் வெளியே வந்து, முதல் வேலையாகக் கொட்டகையைத் தின்றது. ஆடுகள் மேயப் போயிருந்ததால் பிழைத்தன.

விசாரணையில் தீவட்டி, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று ஒரே வரியில் எழுதிக்கொடுத்தார். வரவிருந்த பதவி உயர்வு வந்த வழியே திரும்பிப் போனது. பெண்டாட்டியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. ஆட்டுக்காரர் திறந்தார், அப்புறம் மூடவேயில்லை. முந்திக்கொண்டு கத்துகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. என்றைக்கு மாப்பிள்ளை வாய் திறப்பானோ, தங்கச்சி முன்னால் மானம் போகுமோ என்ற பயம்தான் அந்தப் பாட்டுக்குச் சுருதி.

இந்த வருஷம் தீவட்டி இதயக் கோளாறில் படுத்துவிட்டார். புது வாட்சர் காலையிலேயே கொளுத்தி முடித்துவிட்டான். மத்தியானம் தங்கச்சி ஆள் அனுப்பினாள். இன்றைக்கு மாப்பிள்ளை எல்லாவற்றையும் அவிழ்த்துவிடப் போகிறான் என்று நினைத்தபடி ஆட்டுக்காரர் போய்க் கட்டிலோரம் நின்றார்.

"காத்து எப்படி மச்சான்?"

"லேசா இருக்கு."

"புகை?"

"ஒரு கட்டையில இருந்துச்சு. நின்னுருச்சு. புது ஆளும் கிளம்பிட்டான்."

"நின்னுருச்சாம்," என்று தீவட்டி கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, உங்க கொட்டகைப் புராணத்த இங்க ஆரம்பிக்காதீங்க. மனுஷன் படுத்திருக்காரு," என்றாள் தங்கச்சி.

ஆட்டுக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். தீவட்டி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா," என்று பெண்டாட்டியை அனுப்பினார். அவள் உள்ளே போய்க் குடத்தை எடுக்கும் சத்தம் கேட்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன கடைசி வேலை அதுதான்.

"போய்ப் புறங்கைய வச்சுப் பாருங்க. இந்தத் தடவ சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க மச்சான்."