காய்ந்துபோன மரச்சீப்பு

அந்தச் சீப்பைப் பாழாக்கியவள் நான்தான். சுனில் அல்ல.

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

நான் ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண். தென்கரைப் பட்டணம் ஒன்றில், மூழ்கிப்போன பழைய கப்பலிலிருந்து சுழியோடிகள் மீட்டுவந்த பொருள்களைப் பாதுகாக்கும் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். நூற்றாண்டுகளாகக் கடலில் ஊறிய மரத்தைச் சட்டென்று காயவிடக்கூடாது. தொட்டியிலேயே வைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பை மெல்ல இறக்க வேண்டும். எனக்கும், என்னைச் சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி, என்று கூப்பிடும் சுனிலுக்கும் அதுதான் வேலை.

அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். படம் பிடிப்பதற்காக, ஊறிக்கொண்டிருந்த மரச்சீப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து விளக்கின் கீழ் வைத்தேன். அந்நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிகிறது, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றாள். முற்றத்துக்கு ஓடினேன். பேசினேன், அழுதேன்... சீப்பை மறந்தேன்.

திரும்பியபோது அது நடுவில் பிளந்து, பற்கள் வளைந்து கிடந்தது. யாரோ ஒருவர் தலைவாரிய சீப்பு!

தொட்டியில் போட்டு மூடினேன். மறுநாள், மதியம் தொட்டிகளைக் கவனித்தது யார் என்று பொறுப்பாளர் கேட்டார்.

"சுனில்தான் சேர்," என்றேன்.

பொய் அவ்வளவு எளிதாக வருமா? வந்தது! சுனில் மறுத்தார், யாரும் காதுகொடுக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சில மாதங்களில் நானும் விலகி வீட்டுக்கு வந்தேன். பயமும் கூடவே வந்தது.

போன வாரம் சுனில் எங்கள் வாசலில் நின்றார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். புதிய வேலைக்கு நற்சான்றுக் கடிதம் வேண்டுமாம். கூட வேலை செய்தவர் எழுதினாலும் போதுமாம்.

எழுதினேன். நேர்மையானவர், கவனமானவர்... ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதவேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அவர் வாசித்து, மடித்துப் பையில் வைத்தார். பிறகு, என்னிடமே கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரூம்ல வேலை செஞ்சது நாங்க ரெண்டு பேருதானே, நங்கி."

குரலில் கோபமில்லை. தெரிந்துதான் சொன்னாரா? சும்மா சொன்னாரா? அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

"எந்த ரூம சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

"வேலை செஞ்ச எடம்மா," என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் என் முகத்தையே பார்க்கிறாள். ஒருநாள் கேட்டுவிடுவாள்... அப்போது நான் என்ன சொல்வேன்? அன்று அவள் அழைத்ததால்தான் என்று, அவள் மேலேயே பழியைப் போட்டுவிடுவேனோ?

என் நாக்கை எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.