வயிற்றைப் பிடித்தது நான், வலித்தது அவளுக்கு

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். வயிற்றுவலிதான் என்று நானே முடிவுகட்டி, ராஜபாளையத்திலிருந்து வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் ஓடினேன்.

“வயித்துவலிய்யா! துடியாத் துடிக்கா!” என்று வயிற்றைப் பிடித்துத் துள்ளிக் காட்டினேன். டாக்டர் என்னைப் பெஞ்சில் படுக்கச் சொன்னார்.

“எனக்கில்லய்யா, இவளுக்கு!”

“அப்போ நீர் செத்த நேரம் சும்மா இரும். அவிய சொல்லட்டும்.”

அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எங்கே வலி என்று கையால் கேட்டார். அவள் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டினாள். மீன்முள்! இடுக்கியால் எடுத்தார்.

வலி தீர்ந்ததும் அவள் என் வியர்வையைத் துடைத்துவிட்டு, இவரையும் பாருங்கள் என்று டாக்டருக்குக் கைகாட்டினாள்.

இப்போதெல்லாம் டாக்டருக்கு எதிரே அவளை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையால் கேட்டால்தான் வாயைத் திறப்பேன்.