நம்பர் தாள்

என்னைத் தூரத்தில் கண்டாலே தெரிந்தவர்கள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். பக்கத்தில் வந்தால் கையில் ஒரு தாளைத் திணித்து, "படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். அந்தப் பயம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் திசைக்கு ஒரு குடும்பமாகச் சிதறினோம். அக்கா கல்யாணமாகி லூமுட்டுக்குப் போயிருந்தாள். நானும் அம்மாவும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் பலகை வீடு ஒன்றில் ஒரு அறை எடுத்துக்கொண்டோம். எனக்குப் பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி வேலை. எழுபதுகளின் கடைசி அது.

பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு நானே ஒரு தாள் போட ஆரம்பித்தேன். இரண்டு பக்கம், மாதம் இரு முறை. மெழுகுத் தாளில் இரும்பு முனைப் பேனாவால் கையால் எழுதி, நான் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த டியூஷன் வகுப்பின் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதிகள் எடுப்பேன். அதில் அரசியல் இல்லை, சினிமா இல்லை. குழாயடியில் நடந்த சண்டை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது, கேஸ் அடுப்பைப் பற்றவைக்க அம்மா பயந்தது, மழைக்கு முன்னால் சுண்ணாம்பு மலை கறுத்துப்போவது. எங்கள் வாழ்க்கையை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம் என்று ஆகிவிடக்கூடாது என்கிற வெறி எனக்கு இருந்தது. தோட்டம் போனது போல இதுவும் போய்விடும் என்று தோன்றும்போது ராத்திரியிலும் எழுந்து எழுத உட்கார்ந்துவிடுவேன்.

"என்னத்தடா எழுதுற?" என்று அம்மா கேட்பார்.

"நம்ம கதையத்தாம்மா."

"நம்ம கதைய யாரு வாங்கிப் படிப்பா?"

"விக்கலம்மா. சும்மாதான் குடுக்குறேன்."

"சும்மா குடுத்துமா படிக்க மாட்டேங்குறாங்க?"

படிக்கவில்லை. கோயில் வாசலில் வைத்தேன்; செருப்புக்கு அடியில் கிடந்தது. பஸ் நிலைய பெஞ்சில் வைத்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். பார்பர் கடையில் கெஞ்சி ஒரு கட்டு வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை முடிவெட்டப் போனபோது, கடைக்காரர் யாரோ ஒருவருடைய தாடையைச் சிரைத்துக்கொண்டே கத்தியிலிருந்த நுரையை என் தாளில் வழித்துக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணத்தன்று அப்பா இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டை எழுதியிருந்த தாள். நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். சுருக்கு என்றார்கள், சுருக்கினேன். விடுகதை போடு என்றார்கள், போட்டேன். ராசிபலன் கேட்டார்கள்; வெட்கத்தை விட்டு அதையும் ஒரு முறை நானே கற்பனையாக எழுதினேன். மீதித் தாள்கள் கட்டிலுக்கு அடியில் ஏறிக்கொண்டே போயின. அம்மா அவற்றைக் கிழித்து அடுப்பு மேடையில் விரிப்பார். நான் எழுதிய அவருடைய வார்த்தைகளின்மேல் எண்ணெய் தெறித்துக்கொண்டிருக்கும்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் எங்கள் வீட்டு முன்னால் ஒரு கல் லாரி மழையில் சறுக்கிக் கால்வாயில் சாய்ந்தது. அதை எழுதும்போது லாரியின் நம்பரையும் எழுதினேன். பார்த்ததை முழுசாக எழுதுவது என் பழக்கம், வேறு காரணம் இல்லை. தாள் வந்து இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்குப் போகும் வழியில், தெருமுனைத் தேநீர்க்கடை அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்து என் சைக்கிளைப் பிடித்தார்.

"தம்பி! நீ எழுதுன லாரி நம்பர் அடிச்சிருச்சு லா!"

நாலு இலக்க லாட்டரிக் குலுக்கலில் அந்த எண் விழுந்திருந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வடக்கே போகும் லாரி டிரைவர் ஒருவர், அந்தக் கடையில் என் தாளைப் பார்த்துவிட்டு அந்த எண்ணில் பணம் கட்டியிருக்கிறார்; விபத்தான வண்டியின் எண் அதிர்ஷ்டம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் அவர் செலவில் தேத்தண்ணி. எனக்கு ரொட்டி சானாயும் வந்தது.

அடுத்த தாளுக்கு ஆள் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்காக, என் எழுத்துக்காக, மனிதர்கள் காத்திருந்தார்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மளிகைக்கடைச் சீனத் தவுக்கே, முதலாளிகூடத் தமிழ் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அடா நொம்போர் பாரு?" என்று கேட்டார். புது நம்பர் இருக்கிறதா என்று. எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அதற்குப் பெயரே 'நம்பர் தாள்' ஆகிவிட்டது.

கடை மேசைகளில் கிடக்கும் தாள்களை எடுத்துப் பார்ப்பேன். வீட்டு எண், பஸ் எண், வயது, எல்லாவற்றையும் சேர்த்து நாலு இலக்கமாக்கச் சிவப்பு மையால் சுற்றியிருப்பார்கள். மற்ற வரிகள் போட்டது போட்டபடி. ஆனாலும் எனக்குள் ஒரு ஆசை. நம்பரைத் தேடி வருகிற கண் வார்த்தைகளைத் தாண்டித்தானே போகவேண்டும், ஏதாவது ஒரு வரி தடுக்கிவிடாதா? அதற்காகவே எண்களைக் கடைசிப் பாராவில் கொண்டுபோய் வைத்தேன். ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "தம்பி, நம்பர மேலயே போட்டுரு. தேடிப் படிக்கக் கஷ்டமா இருக்கு."

அந்த நிலையில்தான் அம்மா படுத்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாம் வகுப்பு வார்டில் சேர்த்தேன். ரொட்டியைச் சூடான மைலோ பானத்தில் நனைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். ஜன்னல் பக்கம் திரும்பி, "லூமுட் பஸ் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் கையைப் பிடித்தால் விடமாட்டார். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் விரல் விரலாக எடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அப்படியிருந்தவர் ஒரு மத்தியானம் தானாகவே கையை விட்டுவிட்டார்.

காரியம் முடிந்தபின் பட்டறை மேசையில் உட்கார்ந்து அதை எழுதினேன். மெழுகுத் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. அதுவரை நான் எழுதியதில் பொய் கலக்காதது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். ஒரு எண்கூட அதில் வைக்கவில்லை.

கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு மூலையில் நின்று முகங்களைப் பார்த்தேன். கண்கள் மேலிருந்து கீழே ஓடின. தாளைத் திருப்பினார்கள். மறுபடி ஓடின. ஒருவரும் நிற்கவில்லை, எங்கேயும்.

கடை அண்ணன் என்னிடம் வந்தார். தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, பெட் நம்பர் போடலியே லா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அம்மா படுத்திருந்த கட்டிலு. செத்தவங்க நம்பர் சுத்தமான நம்பர் தம்பி. கண்டிப்பாக் குடுப்பாங்க."

"அண்ணே, ஒங்களுக்கு எங்கம்மாவத் தெரியும். இங்க வந்து தேத்தண்ணி வாங்கிட்டுப் போயிருக்காங்க."

"தெரியும் தம்பி. அதனாலதான் கேக்குறோம்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கே போனேன் என்று நினைவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மழையா வேர்வையா தெரியாது.

நான் சொல்லாவிட்டால் என்ன? ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற ஒருவரைப் பிடித்து யாரோ கட்டில் எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாலையே என் அம்மாவின் கட்டிலில் பணம் கட்டியது. துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அக்கா, "அடிச்சா நல்லதுதானேடா. அம்மாவ நாலு பேரு வாழ்த்துவாங்க" என்றாள். அடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், அடித்துவிட்டால் எல்லாரும் அந்தத் தாளை எடுத்து மறுபடி படிப்பார்களே என்றும் மனசு போனது. இரண்டையும் வேண்டிக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தேன்.

அடிக்கவில்லை.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும், மேசையில் இருந்த ஒருவர் தலையை ஆட்டியபடி சொன்னார்: "ஒங்கம்மா யாருக்கும் குடுக்கல பாரு." கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கொடுக்கவில்லை என்பது போல, சாதாரணமாக.

எனக்கு என்ன வந்ததோ. "படிச்சீங்களா?" என்று கத்தினேன். "இதுல ஒருத்தராவது படிச்சீங்களா? என்ன எழுதியிருந்தேன், சொல்லுங்க!"

ரொட்டி போடுபவர் மாவை அடிப்பதை நிறுத்திவிட்டார். மேசையில் கசங்கிக் கிடந்த ஒரு தாளை எடுத்து, நின்றபடியே உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரிகளைத் திட்டுவது போலத்தான் வாசித்தேன். மைலோவில் நனைத்த ரொட்டி வரும்போது நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி வாசித்தேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டார்களா, முடியட்டும் என்று பொறுத்திருந்தார்களா, எனக்குத் தெரியாது. முடித்தபோது ஒரு பெரியவர், "மத்தியானம்னா எத்தனை மணி தம்பி?" என்று கேட்டார். யாரோ அவர் கையை அழுத்தி அடக்கினார்கள்.

கடை அண்ணன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "உக்காரு தம்பி" என்றார். நான் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு கடையில் என் தாளை யாரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். நம்பருக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு கோயில் பூசாரியிடம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த தாளை உருட்டினேன். அப்படியே கட்டிலுக்கு அடியில் போனது. இனி எழுதி என்ன ஆகப்போகிறது, மெழுகுத் தாளையும் பேனாவையும் தூக்கிக் கிந்தா ஆற்றில் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அந்தக் காய்கறி லாரி டிரைவர் பட்டறைக்கு வந்தார். டயர் மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து ரசீதை எடுத்தேன்.

"இல்ல தம்பி. வீட்டுக்காரி ஒன்ன ஒன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

அவர் வீடு பாரிட் புந்தாரில். நான் கத்திய அன்று அவர் கடையில் இருந்திருக்கிறார். ஒரு தாளை மடித்து எடுத்துப்போய் மனைவியிடம் கொடுத்திருக்கிறார்.

"அம்மா லூமுட் பஸ்ஸ கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு எழுதியிருக்கியாமே. மக வந்துட்டாளா இல்லையான்னு எழுதலியாம். ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போதெல்லாம் அதையே கேக்குறா. போயி கேட்டுட்டு வாங்கன்னு தொல்லை."

நான் ரசீதுப் புத்தகத்தை மூடினேன். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அக்காவும் நானுமே அதைப் பேசிக்கொண்டதில்லை. எழுதும்போது அந்த இடத்துக்கு வந்து, தாண்டிப் போயிருந்தேன்.

"வரல அண்ணே," என்றேன். "வர்ற வழியில சித்தியவான்ல பஸ் பழுதாயி நின்னுருச்சு. அக்கா வந்தப்ப துணி போத்திட்டாங்க."

அவர் தலையசைத்தார். "சொல்லிடுறேன்" என்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, "புதுசு ஏதும் இருந்தா குடு, அவளுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

கொடுத்தேன். கடைசித் தாள் வரை அவர் லாரியில்தான் ஒவ்வொன்றும் வடக்கே போனது. அந்தப் பெண்மணியை நான் பார்த்ததே இல்லை. அது போதுமா என்று கேட்டால், போதவில்லை. ஒவ்வொரு முறை மெஷினை உருட்டும்போதும் கட்டு நிறைய எடுத்தேன், ஒன்றுக்குத்தான் ஆள் இருக்கிறது என்று தெரிந்தும்.