கன்றுகளுக்கு நடுவே கப்பை

போன வாரம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மூவாற்றுபுழைப் பக்கம் போய் வந்தேன். மட்டாஞ்சேரியில் மிளகுக்கடை வைத்திருக்கும் இஸ்மாயில் ராவுத்தருக்கு அங்கே கொஞ்சம் ரப்பர்த் தோட்டம் உண்டு.

“ஆபீஸர் பார்க்க வர்றார் சாமி. இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா எனக்குத் திணறும். கூட வாங்க” என்றார்.

விஷயம் இதுதான். கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புது ரகக் கன்று நட்டால் சர்க்கார் மானியம் தருகிறது — தவணை தவணையாக. கன்று வளர்ந்து பால் தர ஏழெட்டு வருஷம் ஆகுமே, அதுவரை தோட்டக்காரர் தாக்குப்பிடிக்க வேண்டாமா? நல்ல திட்டம். நானே பலரிடம் புகழ்ந்திருக்கிறேன்.

ஆனால், அந்த மரங்களில் பால் வெட்டிப் பிழைத்தவன்?

அவன் பெயர் பைலி. தோட்டத்து மூலையில் குடிசை; மனைவி, குழந்தைகள். மரங்கள் சாய்ந்த அன்றே வேலையும் போயிற்று. “கன்னுக்கு நடுவுல கப்பை போட்டுக்கோ” என்று ராவுத்தர்தான் சொல்லியிருந்தார். கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு.

ஆபீஸர் இளைஞர். நல்ல மாதிரி. இங்கிலீஷுக்கு அவசியமே வரவில்லை. கன்றுகளைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கப்பைச் செடிகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“ராவுத்தரே, இது சரிப்படாது, கேட்டோ. மண்ணுல இருக்கிற சத்தையெல்லாம் கப்பை இழுத்துக்கும். இதைப் பிடுங்கினாத்தான் அடுத்த தவணைக்கு எழுத முடியும்.”

“மகரம் வரைக்கும் டயம் குடுங்க சார். தை மாசம் கிழங்கு முத்திடும்.”

“அப்போ மகரம் கழிஞ்சு வர்றேன். பணமும் அப்புறம்தான்.”

ராவுத்தர் புது வேலியைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தவணையை நம்பித்தான் மனைவியின் வளையல்களை அடகு வைத்து வேலி போட்டிருந்தார்.

அதற்குள் பைலி குனிந்துவிட்டான். யாரும் சொல்லவில்லை. ஒரு செடியைப் பிடுங்கினான். பக்கத்துச் செடியையும்... வேரில் விரல் பருமனுக்குக் கிழங்குகள், பால் வெள்ளையாக. குடிசை வாசலில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“டேய், என்ன பண்றே?”

“முதலாளிக்குக் கிட்ட வேண்டிய காசு என்னால முடங்க வேண்டா.”

“நிறுத்துடா பைலி!”

ராவுத்தர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆபீஸரிடம் திரும்பி, தணிந்த குரலில், “இருக்கிறதை இருக்கிற மாதிரியே எழுதிக்கோங்க சார். மகரம் கழிஞ்சு வாங்க” என்றார்.

ஆபீஸர் எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கன்றைக் காப்பது அவர் உத்தியோகம். பைலியைக் காப்பது யார் உத்தியோகம் என்று அவருக்கும் தெரியாது... எனக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது, பிடுங்கிக் கிடந்த செடிகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார் மனுஷர்.

எர்ணாகுளத்திலிருந்து போட்டில் திரும்பும்போது ராவுத்தர் காயல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நீங்க செஞ்சது சரிதான் பாய்” என்றேன்.

“சரிதான் சாமி... வீட்ல வளையலைக் கேப்பாளே?”

மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கும்போது, “ஆபீஸர் வரலைன்னு சொல்லிடறேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க” என்றார். தலையாட்டினேன்.

நல்லது செய்துவிட்டு அதை வீட்டில் ஒளிக்க வேண்டியிருக்கிறது. வேறென்ன செய்வார், பாவம்?

அவர் வீட்டில் எல்லோருக்கும் மலையாளம்தான் வாசிக்க வரும் — அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.