சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அவர் ஏறியதிலேயே உயரமான கட்டடம் எங்கள் ஊர் ஜவுளிக்கடை; அதற்கும் ஐந்தே மாடி. பெரிய நகரத்தில் அறுபது மாடிக் கோபுரம் எழும்பிய நாளிலிருந்து அங்கே ஒரு தடவை போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டதில் சிறுநீரகம் முந்திக்கொண்டது.

இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டுப் பிழிந்த துணி மாதிரி வீட்டுக்கு வருவார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான் பேச்சை எடுத்தார்.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலைல முதல் ரயில். திங்கக்கிழமை ராத்திரி வீட்டுல இருப்போம். நடுவுல நாப்பது மணி நேரம் சும்மாதானே கிடக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். தெருவுக்கே தெரிந்த சங்கதி.

அவர் வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமை என்னையும் வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டார். "தண்ணி அளவு தாண்டாம இருந்தா தாராளமா போயிட்டு வரட்டும்மா. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா நானே வேணாம்னு சொல்லலாம்" என்றார் டாக்டர். அந்த ஆறு மாசம் என்ற பேச்சுக்குப் பயந்துதான் சம்மதித்தேன்.

ஆனால் ஒன்றில் இறங்கிவிட்டால் எனக்கு அரைகுறை வேலை ஆகாது. ஒரு நாளைக்கு அவருக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அதற்கு அளவுக்கோடு போட்ட பாட்டில் வாங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ரூம் பிடித்தேன். ஞாயிறு என் இஷ்டம்: கடற்கரை, மியூசியம். திங்கள் அவர் கோபுரம். டிக்கெட்டையும் கேட்டுவிடலாம் என்று அங்கே போன் போட்டால், "அன்னைக்கு லிஃப்ட் சர்வீஸ் மேடம். யாரையும் மேல விட மாட்டோம்" என்றாள் ஒரு பெண்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மனுஷர் நிதானமாகத் தலையைச் சொறிந்தார்.

"தெரியும். அதனாலதான் அந்தத் தேதியைப் பிடிச்சேன். கண்ணாடி வழியா ஊரைப் பாக்கவா நான் போறேன்? மேல லிஃப்டை இழுக்கற மெஷின் ரூம் இருக்கு. சர்வீஸ் அன்னைக்குத்தான் திறப்பாங்க. அங்க இருக்கற ஹெட் மெக்கானிக்கிட்ட பேசிட்டேன். சரக்கு லிஃப்ட்ல நம்ம ரெண்டு பேரையும் அறுபது வரைக்கும் ஏத்தி விடறேன்னாரு."

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற எல்லாரும் மூடுகிற நாளைக் கேட்டுத் தவிர்ப்பார்கள். கேட்டு அன்றைக்கே போக இவர் ஒருவரால்தான் முடியும். நம்பாமல் நானே அந்த ஹெட் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அறுபதாவது மாடியிலேருந்து மெஷின் ரூமுக்கு எப்படிப் போறது?"

"படிதான்மா. இரும்புப் படி, இருபத்தாறு."

எங்கள் வீட்டு லிஃப்ட்காரருக்குப் படியைப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிக்கே மூச்சு வாங்குகிறவர். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். "விட்டுடலாம். என்னால ஆகாது."

எனக்கு வந்ததே கோபம். "விடறதுக்கா நான் கடை கடையா ஏறி பாட்டில் வாங்கினேன்? இன்னும் மூணு வாரம் இருக்கு. நாளைக்குக் காலைல ஜவுளிக்கடைப் படில ஏறிப் பழகக் கிளம்புங்க."

கடை திறக்கும் முன் மேனேஜர் எங்களுக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டார். முதல் நாள் இவர் ஒன்பதாவது படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். காலைத் தடவிவிட்டேன். எனக்கு அழுகை முட்டியது; கீழே போய் அழுதுவிட்டு வந்தேன். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் போனோம். பன்னிரண்டானது, பதினைந்தானது.

நேற்று பத்தொன்பதில் உட்கார்ந்துவிட்டார். ரயிலுக்கு இன்னும் ஆறு நாள்தான். "இவ்வளவுதான் போல" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நடுவுல உக்காந்து ஏறலாமான்னு அந்த ஹெட் மெக்கானிக்கிட்ட கேட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் ரூம் திறந்துதான் இருக்குமாம். யாரும் துரத்த மாட்டாங்க."

அவர் ஐந்து நிமிடம் மேலே இருந்த படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கைகொடுக்கும் முன்பே எழுந்து இருபதாவது படியில் காலை வைத்தார்.